இரு காசும் ஒரு பெட்டியும்: லுத்தரன் மகளிரின் சிறு காணிக்கை

புதிய ஏற்பாட்டில் மாற்கு, லூக்கா ஆகிய இருவர் எழுதிய நற்செய்தி நூல்களிலும் ஒரு சிறு நிகழ்ச்சி கூறப்பெறுகின்றது. எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியிற் செல்வர் பலர் பெரும்பொருள் இடுகின்றனர். வறிய கைம்பெண் ஒருத்தி மிகச் சிறிய நாணயங்கள் இரண்டனை இடுகின்றாள். ஏனையோர் அனைவரினும் மிகுதியாக இட்டவள் அவளே என்று இயேசுநாதர் தம் மாணாக்கர்க்குச் சுட்டுகின்றார். இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு கிறித்தவ நாடுகளிற் பல சிறு காணிக்கை இயக்கங்கள் தோன்றின. அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் லுத்தரன் மகளிரிடையே வளர்ந்த இயக்கம் தனித்து நோக்கத்தக்கது. அதன் தோற்றத்தையும் அமைப்பையும் ஆராய்ந்து, சிறு காணிக்கை என்பது எதனைச் சாதித்தது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அந்நாணயத்தின் பெயரை நோக்குவோம். கிரேக்க மூலம் அதனை 'லெப்டன்' என்னும். மெல்லியது, சிறியது என்பது அச்சொல்லின் பொருள். மாற்கு அவ்வளவில் அமையாது, இரண்டு லெப்டன் சேர்ந்தது ஒரு 'கொட்ராந்தெஸ்' என்று உரோமர் கணக்கிலும் பெயர்த்துரைக்கின்றார். 1522இல் புதிய ஏற்பாட்டைச் செருமானிய மொழியில் வெளியிட்ட மார்ட்டின் லூதர், லெப்டனை 'ஷெர்ஃப்லைன்' என்றும், கொட்ராந்தெஸை 'ஹெல்லர்' என்றும் பெயர்த்தார். ஷெர்ஃப் என்பது எர்ஃபுர்ட் நகரத்தை ஒட்டிய பகுதியில் வழங்கிய அரைப் பென்னிக் காசு. லூதர் இளமையிற் பயின்ற பல்கலைக்கழகம் அந்நகரிலேயே இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் திண்டேல் 'மைட்' என்னும் சொல்லை ஆண்டார். அஃது ஆங்கில நாணயமன்று. கடலுக்கு அப்பால் பிளாண்டர்சு நாட்டில் வழங்கிய சிறு செப்புக்காசின் பெயர்.

தமிழிலோ இன்னும் சுவையான செய்தி உளது. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் நெடுங்காலமாகப் படிக்கப்பெற்று வரும் மொழிபெயர்ப்பு, லெப்டனைக் 'காசு' என்றும், கொட்ராந்தெஸைத் 'துட்டு' என்றும் குறிக்கின்றது. காசு நம் பழஞ்சொல். துட்டு என்பது ஒல்லாந்தர் வணிகத்தின் வழியாக நம் கடற்கரையில் வந்திறங்கிய சொல்லெனச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி காட்டும். ஆகவே, ஆங்கில மொழிபெயர்ப்பாளரும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரையொருவர் அறியாமலே நெதர்லாந்துப் பகுதியின் செப்புக்காசு ஒன்றனைத் தேடிச் சென்றனர். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் தம் மக்களின் கையில் நாள்தோறும் புரண்ட மிகச் சிறிய காசினையே நாடினர் என்பது இதனாற் புலனாகும். அமெரிக்கப் பெண்டிரின் காணிக்கைப் பெட்டிக்கு 'மைட் பெட்டி' என்று பெயர் வந்தது திண்டேல் ஆண்ட சொல்லினால்தான். அப்பெண்டிருள் மூத்தோர் பலர் செருமானிய மொழி பேசியவராதலின், ஷெர்ஃப்லைன் என்னும் சொல்லும் அவர்கள் செவிக்குப் பழகியதே.

காசினைப் பெட்டியில் இடுதல் என்பது லுத்தரன் மரபில் எளிதாக ஏற்கத்தக்க செயலன்று என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். 1517இல் லூதர் எழுப்பிய முதல் எதிர்ப்பே ஒரு பெட்டியைப் பற்றியதுதான். உரோமையிற் புனித பேதுரு பேராலயம் கட்டும் பொருட்டுப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளை விற்றவர்கள், பெட்டியிற் காசு விழுந்த அளவில் இறந்தோர் ஆன்மா துன்பம் நீங்கும் என்று பறைசாற்றினர். லூதரின் 95 கூற்றுகளுள் 27ஆம் கூற்றும் 28ஆம் கூற்றும் இதனை நேராக மறுக்கின்றன. இறையருளை விலை கொடுத்துப் பெறலாகாது என்பதே அச்சமயப் பிரிவின் வேர்க்கொள்கை. அங்ஙனமாயின், அவர் வழிவந்த பெண்டிர் நானூறு ஆண்டுகள் கழித்து வீடுதோறும் ஒரு பெட்டி வைத்துக் காசு சேர்த்தது முரணாகாதோ எனின், ஆகாது. அவர்கள் இட்ட காசு புண்ணியத்திற்கு விலையன்று. பெற்றுவிட்ட நன்மைக்கு நன்றி. இவ்வேறுபாடு சொல்லளவில் நுட்பமாகத் தோன்றினும், அவர்கள் கூட்டங்களில் இடையறாது வற்புறுத்தப்பெற்று வந்தது.

லூதரும் பெட்டியை அடியோடு வெறுத்தவரல்லர். 1523இல் சாக்சனி நாட்டு லைஸ்னிக் என்னும் சிற்றூர் மக்கள் ஏழையர் உதவிக்கும் திருச்சபைச் செலவுக்கும் ஒரு பொதுப்பெட்டி அமைத்தபோது, அதன் விதிகளுக்கு அவரே முன்னுரை எழுதினார். அப்பெட்டிக்கு நான்கு பூட்டுகள். உயர்குடியினர், நகரவையினர், நகர மக்கள், உழவர் ஆகிய நான்கு பிரிவினரிடமும் ஒவ்வொரு திறவுகோல். பத்துப் பேர் கொண்ட குழு அதனை ஆண்டது. பத்துப் பேரும் ஆடவர். பெட்டியில் இடும் உரிமை பெண்ணுக்கு இருந்தது. திறக்கும் உரிமை இல்லை. பின்வரும் வரலாறு முழுவதும் இத்திறவுகோலைப் பற்றியதே என்பது என் கருத்து.

சிறு காணிக்கைச் சங்கங்கள் லுத்தரன் மகளிரால் முதன்முதல் தோற்றுவிக்கப்பட்டவை அல்ல. 1802இல் பாஸ்டன் நகரில் மெகிட்டபிள் சிம்ப்கின்சு என்னும் அம்மையார் வாரம் ஒரு சென்ட் சேர்க்கும் கழகம் ஒன்று நிறுவினார். 1822இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில், கத்தோலிக்கப் பெண்மணி பவுலின் ஜரிக்கோ வாரம் ஒரு 'சூ' திரட்டிய குழுக்களிலிருந்து விசுவாசப் பரப்புதற் சங்கம் பிறந்தது. இவை ஒருபுறம் நிற்க.

லுத்தரன் மகளிருள் முதலிற் பெருஞ்செயல் ஆற்றியவர் பொதுச் சினடு எனப்பெற்ற பிரிவினர். அவர்கள் 1879இல் ஒகாயோ மாநிலக் காண்டன் நகரிற் கூடித் தமக்கெனத் தனி மறைப்பணிச் சங்கம் ஒன்று கண்டனர். அவர்தம் காணிக்கை எங்கே சென்றது எனின், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கே. அங்கு 1842இல் கெயர் என்னும் போதகர் தொடங்கிய மறைப்பணி நடைபெற்று வந்தது. பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1879இல் பட்டம் பெற்ற அன்னா சாரா குக்லர் என்னும் அம்மையார், 1883இல் இச்சங்கத்தின் சார்பிற் குண்டூர் வந்து சேர்ந்தார். வியப்பு யாதெனின், மருத்துவரான அவரை மருத்துவராக அனுப்பவில்லை. அந்தப்புரத்துப் பெண்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியராகவே அனுப்பினர். பெண் மருத்துவப் பணிக்குக் காலம் இன்னும் கனியவில்லை என்று மறைப்பணிக் குழுவின் ஆடவர் எண்ணினர் போலும். அம்மையார் பாடமும் சொன்னார். தம்மிடம் வந்த நோயாளரையும் பார்த்தார். 1885இல் மருத்துவ மறைப்பணியாளராக முறைப்படி ஏற்கப்பட்டார். 1897இல் பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் உரிய மருத்துவமனை குண்டூரில் திறக்கப்பெற்றது.

அம்மருத்துவமனையின் செங்கற்கள் பெரும்பாலும் சென்ட் காசுகளால் ஆனவை என்று சொன்னால் அது மிகையாகாது. அமெரிக்கச் சிற்றூர்களின் மகளிர் சங்கங்களும் சிறுவர் குழுக்களும் ஆண்டுதோறும் திரட்டிய நன்றிக் காணிக்கைகளே அதன் முதல். குழு கனியவில்லை என்று எண்ணிய காலத்தைக் கனிவித்தது பெண்டிர் தம் பொறுப்பில் வைத்திருந்த நிதி. ஆடவர் குழுவின் பொது நிதியை மட்டும் நம்பியிருப்பின், குக்லர் அம்மையார் தம் கல்வியைப் பெட்டியிற் பூட்டிவிட்டு நெடுங்காலம் எழுத்தறிவித்துக் கொண்டிருந்திருப்பார். பின்னர் அவர் பணியை அரசும் மதித்துக் கைசர்-இ-இந்து பதக்கம் அளித்தது. தம் குடும்பத்தார் அங்குப் பெற்ற மருத்துவ உதவிக்கு நன்றியாக ஏலூர் அரசர், நோயாளரின் உறவினர் தங்குதற்கு ஒரு சத்திரம் கட்டித் தந்தார். கடல் கடந்து வந்த காசுக்கு இந்நாட்டவர் ஈடு செய்த முறை இது. 1930இல் அம்மையார் குண்டூரிலேயே மறைந்தார். மருத்துவமனை அவர் பெயரால் வழங்கலாயிற்று.

சுவீடிய வழியினரான அகஸ்தானாச் சினடின் மகளிரும் 1892இல் கான்சஸ் மாநில லின்ட்ஸ்பர்க் ஊரில் எம்மி இவால்டு அம்மையார் தலைமையிற் சங்கம் அமைத்தனர். அவர் 43 ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். பெண்டிர் வாக்குரிமைக்காக அமெரிக்கப் பேரவைக் குழுவின் முன் 1902இற் பேசியவரும் அவரே. காணிக்கைப் பெட்டியும் வாக்குப் பெட்டியும் ஒருவர் வாழ்வில் அருகருகே நின்றமை தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

இனி, இக்கட்டுரைக்கு நடுநாயகமான மிசௌரிச் சினடுக்கு வருவோம். சாக்சனியிலிருந்தும் பிற செருமானியப் பகுதிகளிலிருந்தும் குடியேறிய பழமைப் பற்றாளர் 1847இல் சிக்காகோவில் நிறுவிய திருச்சபை அது. பெண்கள் சபைக் கூட்டங்களில் வாக்களித்தலும் போதகராதலும் வேதத்திற்கு ஒவ்வாதன என்பது அவர்தம் துணிபு. அங்கும் ஊர்தோறும் 'பிரவுன்ஃபெரைன்' எனப்பெற்ற மகளிர் கழகங்கள் இருந்தன. அவை குருமட மாணவர்க்கு ஆடை தைத்தன. ஆலயத்திற்கு வேண்டுவன செய்தன. ஆயினும், அவை ஒன்றோடொன்று இணைந்து நாடளாவிய சங்கம் ஆவதைப் போதகர் பலர் ஐயத்தோடு நோக்கினர். தனி நிதி உடைய பெண்கள் சங்கம் திருச்சபைக்குள் ஒரு திருச்சபை ஆகிவிடுமோ என்பது அவர் அச்சம். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றது என்று யான் கூறமாட்டேன். குண்டூர் வரலாறு காட்டுவதுபோல, நிதி உள்ள இடத்திற் கருத்தும் உண்டு.

1928இல் ஒக்லகோமாப் பகுதி மகளிர் தம் பகுதியளவில் ஒன்றுபட்டனர். பிற பகுதிகளும் தொடர்ந்தன. 1938ஆம் ஆண்டுச் சினடு மாநாட்டில் இக்கேள்வி எழுந்தது. ஆராயக் குழு அமைக்கப்பெற்றது. 1941இல் ஃபோர்ட் வெய்ன் மாநாடு இசைவளித்தது. 1942ஆம் ஆண்டு சூலை 7, 8 ஆகிய நாட்களிற் சிக்காகோவின் புனித ஸ்தேவான் ஆலயத்தில், 15 பகுதிகளின் பேராளர் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட பெண்டிர் கூடி 'லுத்தரன் மகளிர் மறைப்பணிச் சங்கம்' நிறுவினர். மகிழ்ச்சியோடு இறைவனுக்குத் தொண்டு செய்தல் என்னும் 100ஆம் சங்கீதக் கருத்தினைக் குறிக்கோளாகக் கொண்டனர். அமெரிக்கா போரிற் புகுந்து ஏழு திங்களே ஆகியிருந்த காலம் அது. ஆடவர் பலர் களம் சென்றிருந்தனர். எரிநெய்யும் சர்க்கரையும் பங்கீட்டில் இருந்தன. இத்தகைய வேளையில் தொடங்கப்பெற்ற சங்கம் பெருங்கொடையை நம்பியிருக்க இயலாது. மைட் பெட்டி அவர்கட்கு வாய்ப்பாக அமைந்தது.

அப்பெட்டியின் இயக்கம் எளியது. அட்டையாலான சிறு பெட்டி அடுக்களையிலோ உண்ணும் மேசையிலோ இருக்கும். நற்செய்தி ஒன்று வந்தபோதும், நோய் நீங்கியபோதும், பிறந்தநாளிலும், ஒன்றும் நிகழாத வெறும் நாளிலும் ஒரு வேண்டுதலோடு காசு இடுவர். ஊர்க் கழகத்தின் கூட்டத்திற் பெட்டிகளைத் திறந்து ஒன்று சேர்ப்பர். சேர்ந்த தொகை பகுதிச் சங்கத்திற்குச் செல்லும். அதில் நான்கில் மூன்று பங்கினைப் பகுதி தன் மறைப்பணிகளுக்கு வைத்துக்கொண்டு, நான்கில் ஒரு பங்கினை நாட்டுச் சங்கத்திற்கு அனுப்பும். அனுப்பியதினும் வைத்துக்கொண்டது மிகுதி என்பது கருதத்தக்கது. அருகிலுள்ள பணியைக் கண்ணாற் கண்டவளே தொலைவிலுள்ள பணிக்கும் மனமுவந்து ஈவாள் என்னும் நுண்ணறிவு இப்பங்கீட்டில் உளது.

நாட்டுச் சங்கம் ஈராண்டுக்கு ஒரு முறை மாநாடு கூட்டும். அடுத்த ஈராண்டிற்கு இவ்வளவு தொகை திரட்டுவோம் என்று அங்கே இலக்கு வகுப்பர். பணிகளுக்கான விண்ணப்பங்களை முன்கூட்டியே ஆராய்ந்து ஒரு பட்டியல் அணியமாகும். பள்ளிகள், மொழிபெயர்ப்புகள், அகதிகளிடைப் பணி, குருமட மாணவர் உதவி எனப் பட்டியல் விரியும். பேராளர் ஒவ்வொருவரும் தமக்கு உகந்தவற்றைக் குறித்து வாக்களிப்பர். மிகுதியான வாக்குப் பெற்ற பணிகள் இலக்குத் தொகை உள்ளளவும் ஏற்கப்பெறும். இலக்கு ஈராண்டுக்கு 20 இலட்சம் டாலரைக் கடந்ததுண்டு. அது நாட்டுச் சங்கத்தின் கால் பங்கு மட்டுமே என்பதை உடன்நினைத்தல் வேண்டும். போதகர் ஆலோசகராக உடனிருப்பர். திருச்சபையின் துணைச் சங்கம் என்னும் நிலையும் மாறாது. ஆயினும் எப்பணிக்கு எவ்வளவு என்று தீர்ப்பவர் பெண்டிரே.

இங்கு ஓர் ஆண்டுக் கணக்கினைப் பார்த்தல் வேண்டும். மிசௌரிச் சினடின் ஊர்ச் சபைகளிற் பெண்கள் வாக்களிக்கலாம் என்று மாநாடு இசைந்தது 1969இல், டென்வர் நகரில். சங்கம் பிறந்தது 1942இல். இடைப்பட்ட 27 ஆண்டுகள் தம் ஊர் ஆலயத்தின் கூரையை மாற்றுவதற்கும் கை தூக்க இயலாத பெண்டிர், அயல்நாட்டில் ஆலயம் எழுப்புவதா பள்ளி எழுப்புவதா என்று மாநாட்டு மன்றத்தில் தீர்மானித்துக் கொண்டிருந்தனர். லைஸ்னிக் பெட்டியின் நான்கு திறவுகோல்களில் ஒன்றேனும் கிடைக்காதவர்கள், பூட்டே இல்லாத அட்டைப் பெட்டியால் அதனைப் பெற்றனர். போதகராகும் உரிமை அத்திருச்சபையிற் பெண்டிர்க்கு இன்றும் இல்லை. சங்கத்தினர் பெரும்பாலோர் அதனைக் குறையாகக் கருதுவதும் இல்லை. அவர்கள் உரிமைப் போராளிகளாகத் தம்மை எண்ணியவரல்லர். எண்ணாமலே நிகழ்ந்ததுதான் ஆராய்ச்சிக்கு உரியது.

சிறு காணிக்கையின் ஆற்றலை விளக்கப் புகுவோர் 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று கூறி அமைவர். இவ்விளக்கம் போதாது. வெள்ளம் மட்டும் வேண்டுமாயின் செல்வர் ஒருவர் ஒரே நாளில் அதனைத் தந்துவிடலாம். துளியாக வருவதன் பயன் வேறு. நம் மொழியிற் 'சிறுவாடு' என்று ஒரு சொல் உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கடுகு டப்பாவிலோ அரிசிப் பானையிலோ பெண் தனியே சேர்க்கும் பணம் அது. கணவன் கணக்கில் அது வாராது. அவன் கேட்பதும் முறையன்று. அமெரிக்க நடுமேற்கின் பண்ணை மகளிர்க்கும் இத்தகைய பணம் இருந்தது. முட்டையும் வெண்ணெயும் விற்றுப் பெற்ற காசு இல்லத்தரசிக்கு உரியது என்பது அப்பண்ணைகளில் வழக்கம். கோதுமை விற்ற பணம் அவர் கைக்கு எட்டாது. பெருங்காணிக்கை எனின் கணவனைக் கேட்க வேண்டும். சிறு காணிக்கைக்கு யாரையும் கேட்க வேண்டுவதில்லை. ஆகவே 'சிறு' என்பது வறுமையைக் காட்டும் அடைமொழி அன்று. உரிமையின் எல்லையைக் காட்டும் அடைமொழி. நம் சிறுவாடு குடும்பத்தின் இடர்க்கு உதவ உள்ளேயே நிற்பது. மைட் வெளியே செல்வது. இவ்வேறுபாடு பெரிதே ஆயினும், இரண்டற்கும் பிறப்பிடம் ஒன்று.

சோழர் கல்வெட்டுகளில் வரும் அறத்தோடு இதனை ஒப்பிட்டால் மற்றொரு பண்பு துலங்கும். கோயிலில் நுந்தா விளக்கு எரிக்கப் பெண்டிர் பலர் 90 அல்லது 96 ஆடுகள் விட்ட செய்தி அக்கல்வெட்டுகளிற் பரக்கக் காணப்படும். அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பர். ஒருமுறை கொடுத்துவிட்டால் சந்திராதித்தவரை நிற்பது அக்கொடை. கொடுத்தவள் பெயரும் கல்லில் நிற்கும். மைட் பெட்டியிலோ கொடுத்தவள் பெயர் இல்லை. கொடை நிற்பதும் இல்லை. ஈராண்டு கழிந்ததும் எல்லாம் வெறுமையிலிருந்து தொடங்கும். அதனை ஒப்பது பிடியரிசி. உலையிலிடும் அரிசியினின்று ஒரு கைப்பிடி தனியே எடுத்து வைக்கும் அவ்வழக்கம் நம் நாட்டிற் பல சமயத்தாரிடையும் உண்டு. மிசோரம் மலைநாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் மகளிர் 1910இல் தொடங்கிய 'புஃபாய் தாம்' என்னும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, இன்று அத்திருச்சபையின் பெருவருவாய்களுள் ஒன்று. பிறர் அனுப்பிய காசினால் வளர்ந்த சபை, தன் அடுப்படியிலிருந்தே பிறர்க்கு அனுப்பத் தொடங்கியமைக்கு அது சிறந்த சான்று.

இவ்வியக்கத்தின் மீது சொல்லத்தக்க குறை ஒன்று உண்டு. வாக்களித்தவர் அனைவரும் கொடுத்தவர். பெற்றவர்க்கு அம்மன்றத்தில் வாக்கில்லை. எவ்வூருக்கு எது தேவை என்பதை ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து முடிவு செய்தல் எப்பொழுதும் நன்றாக முடிவதில்லை. மிசௌரிச் சினடின் முதல் அயல்நாட்டு மறைப்பணி தமிழ்நாட்டிலேயே தொடங்கிற்று. 1895இல் நேத்தர் என்னும் போதகர் கிருட்டிணகிரியிலும், அடுத்த ஆண்டு மோன் என்பவர் ஆம்பூரிலும் அமர்ந்தனர். நேத்தர் 1904இற் கொள்ளைநோயால் இறந்தார். மகளிர் சங்கம் அன்று இல்லை. 1913இல் எல்லர்மன் என்னும் செவிலி ஆம்பூருக்கு வந்தபோதும் இல்லை. பின்னர் அங்கு எழுந்த பெதஸ்தா மருத்துவமனைக்குச் சினடின் இளைஞர் சங்கமான வால்தர் சங்கம் பெருந்துணை செய்தது. நாடளாவிய மகளிர் சங்கம் வளர்ந்து வந்த காலத்திலேயே இந்தியச் சபையும் தன்னுரிமை நோக்கி வளர்ந்து, 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை எனத் தனி அமைப்புப் பெற்றது. அதன் மகளிரும் தமக்கெனச் சங்கம் உடையர், கொடுப்போரும் ஆயினர்.

அமெரிக்கச் சங்கம் இன்றும் இயங்குகின்றது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர்த் திங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை அதற்குரிய நாளாகக் கொள்ளப்படுகின்றது. பெட்டியிற் காசு குறைந்து காசோலையும் மின்வழிப் பணமும் மிகுந்துள்ளன; இளையோர் சேர்வதும் முன்போல் இல்லை. 2025ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய நாடுகளின் நாணயச்சாலை சென்ட் காசு அடிப்பதை நிறுத்திவிட்டது. லெப்டன், ஷெர்ஃப், மைட், துட்டு ஆகியவை புழக்கம் ஒழிந்த பின்னும் சொல்லாக நின்றவை. அவ்வரிசையில் இனிச் சென்டும் சேரும்.